எந்தச் சமூகம்?

திருநெல்வேலிப் பக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தால் முதல் கேள்வி "தம்பிக்கு எந்த ஊரு?" என்று இருக்கும். ஊர்ப் பேரைச் சொன்னதும் அடுத்தது வரும். "அங்க எந்தப் பக்கம்? மேலத் தெருவா, கீழத் தெருவா?" அதற்கும் பிடிகொடுக்காமல் பேசினால், யார் மகன், யார் வீட்டுக்குப் பக்கம், எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறீர்கள் என்று சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் மனிதர் கேட்டேவிடுவார்: "நீங்க என்ன சமூகம்?"

இந்தக் கேள்வியில் வருகிற சமூகத்துக்கு அகராதிப் பொருள் கிடையாது. சாதி என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு இங்கே அதுதான் சொல். அதனால்தான், இளைஞர் வன்முறையைச் சமூகமே முன்னின்று தடுக்க வேண்டும் என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வரும். எந்தச் சமூகம்?

தெருவில் நடக்கப்போகிற வெட்டையும் சுடுதலையும் அந்தத் தெருக்காரர்களே முன்கூட்டி அறிந்து தடுப்பது என்பது சிகாகோவிலும் கிளாஸ்கோவிலும் செய்து பார்த்த வழி. நான் அதை நம்புகிறேன். நம் சீமைக்கு அது அவசரமாகத் தேவை என்றும் நினைக்கிறேன். ஆனால் இங்கே தெருக்காரர்கள் என்றால் யார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் இறங்கினால், அரிவாளைக் கொடுத்தனுப்பியவரிடமே அதைத் திரும்ப வாங்கிவரச் சொன்ன கதையாகிவிடும்.

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை இரவு. நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்களும் பதினெட்டு நிரம்பாத பையன்கள். வள்ளியூரில் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள் அதில் இருந்தார்கள். தமிழ்நாடு முழுக்க அந்த இரவைப் பற்றிப் பேசியது. நான் அந்த இரவுக்கு முந்தைய நாட்களைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். தொல்லை தாங்காமல் அந்தப் பையன் சில நாட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். அம்மாவோடு போனான். யார், என்ன செய்தார்கள் என்று சொன்னான். புகார் ஆனது. அன்று இரவே வீட்டுக்கு அரிவாள் வந்தது.

ஒரு பிள்ளை வராமல் போனால் விசாரிக்க வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், புகாரை எழுதி வாங்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. அதற்குப் பிறகு அந்தப் பையன் யாரோடு வீட்டுக்குப் போவது, பேர் சொல்லப்பட்ட பையன்களின் வீட்டுத் திண்ணையில் அன்று சாயங்காலம் யார் போய் உட்காருவது என்பதற்கு எந்த விதியிலும் ஒரு வரி கிடையாது. புகாருக்கும் அரிவாளுக்கும் நடுவே இருந்த அந்தச் சில மணி நேரத்துக்கு யாரும் பொறுப்பாக இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மணி நேரத்தைப் பற்றித்தான்.

ஒரு வெட்டு எப்படி உருவாகிறது என்பதை இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள் படிப்படியாகச் சொல்லிவிடுவார்கள். பல நேரம் பஸ்ஸில் தொடங்கும். ஊருக்கு ஊர் மேல்நிலைப் பள்ளி கிடையாது. ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே டவுன் பஸ்ஸில் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். எந்த நிறுத்தத்தில் ஏறுகிறான் என்பதே அவன் யார் என்பதைச் சொல்லிவிடும், கையில் சாதி நிறக் கயிறே தேவையில்லை. கடைசி சீட்டு யாருக்கு, படிக்கட்டில் யார் தொங்குவது, யாருடைய பையை யார் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தினமும் தீர்மானமாகிறது. "ஏல, எந்திரில" என்ற ஒரு சொல் போதும்.

பெரும்பாலும் அது பள்ளிக்கூட வாசலோடு முடிந்துவிடும். முடியாத நாளில் சாயங்காலம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும். அதில் பேர் இருக்காது. ஒரு பாட்டு, ஒரு படம், ஒரு வரி. யாருக்குப் போட்டது என்பது அவனுக்குத் தெரியும், அவனைச் சுற்றி இருக்கிற நாற்பது பேருக்கும் தெரியும். பஸ்ஸில் பட்ட அவமானத்தை ஒரு பதினாறு வயதுப் பையன் தூங்கி எழுந்தால் மறந்துவிடக்கூடும். நாற்பது பேர் பார்த்துவிட்ட அவமானத்தை அவன் மறந்தாலும் மற்றவர்கள் மறக்கவிட மாட்டார்கள். அடுத்து அண்ணன்மார் வருவார்கள். படிப்பை விட்டுவிட்டு, பைக் ஒன்றை வைத்துக்கொண்டு, பெட்டிக்கடைப் பக்கம் நிற்கிற இருபது இருபத்திரண்டு வயது அண்ணன்கள். "நம்ம பயல அவன் பேசிட்டாம்னா நாம இருந்து என்னத்துக்குல?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் விஷயம் பையன்கள் கையை விட்டுப் போய்விடும். கோயில் கொடைத் திருவிழா நேரமென்றால் இன்னும் சீக்கிரம். மைக்செட்டில் எந்தப் பாட்டைப் போடுவது, சப்பரம் எந்த முக்கு வரை போவது என்று ஏற்கெனவே முறைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் பையன்களின் பஸ் தகராறு எண்ணெயாக விழும். பையன்கள் பேச்சில் வெட்டுக்கு 'சம்பவம்' என்று பெயர். "சம்பவம் பண்ணிருவோம்" என்கிறார்கள். ஒரு செயலுக்கு இப்படி ரத்தம் தெரியாத பெயர் வைத்துவிட்டால் அதைச் செய்வதும் லேசாகிவிடுகிறது.

இதில் எல்லாருக்கும் அவமானம் ஒரே எடையில் விழுவதில்லை. கீழத் தெருப் பையன் நன்றாகப் படித்தால், நல்ல சட்டை போட்டால், புது பைக்கில் மேலத் தெரு வழியாகப் போனால், அதுவே மேலத் தெருவில் சிலருக்கு அவமானமாகப் படுகிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாகின. கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று வீட்டார் சொன்னார்கள். ஒருவன் மற்றவனை ஏசியதால் வந்த சண்டை என்றால் இருவரையும் கூப்பிட்டுக் கை கொடுக்கச் சொல்லலாம். ஒருவன் ஜெயித்ததால் வந்த வெட்டுக்கு அவன் எதற்காகச் சமாதானமாக வேண்டும்? இதை மறந்துவிட்டு 'இரு தரப்பும்' என்று பேச ஆரம்பிக்கிற எந்தத் திட்டமும் முதல் அடியிலேயே தப்பான பக்கம் போய் நின்றுவிடுகிறது.

அரிவாள் சாதியோடு மட்டும் நின்றுவிடவும் இல்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கூடப் படிக்கிறவனைப் புத்தகப் பையில் கொண்டுவந்த அரிவாளால் வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். பென்சில் விஷயத்தில் மனஸ்தாபம் என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். பெரியவர்கள் ஒரு மொழியைப் பேசிக்கொண்டே இருந்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் அதையே கற்றுக்கொள்கிறது. அதற்குப் பேசக் காரணம் பென்சிலாக இருந்தாலும் போதும்.

ஸ்டேட்டஸ் ஏறியதிலிருந்து அரிவாள் இறங்கும் வரை சில மணி நேரமோ சில நாட்களோ ஆகும். அதற்குள் எத்தனை பேருக்குத் தெரிந்துவிடுகிறது! பைக்கை இரவல் கேட்டார்களே, அந்தச் சேக்காளிக்குத் தெரியும். புறவாசலில் சொருகி வைத்த அரிவாளைக் காணோமே என்று தேடிய ஆச்சிக்குத் தெரியும். தினமும் அந்த வழித்தடத்தில் போகிற கண்டக்டருக்கு எந்த இரண்டு பேர் இப்போது ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை என்பது தெரியும். பி.டி. வாத்தியாருக்குத் தெரியும். தங்கச்சிமாருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தெரியும். இவர்களில் யாரும் வாய் திறக்காததற்குக் காரணம் கல்நெஞ்சம் அல்ல, சொல்வதற்கு ஓர் இடம் இல்லாததுதான். ஸ்டேஷனில் சொன்னால் பையன் மேல் கேஸ், வீட்டு மேல் பழி. ஊர்ப் பெரியவரிடம் சொன்னால் அவரே "கேட்டா என்ன தப்பு?" என்பார். சொல்லாமல் இருப்பதே பத்திரம்.

இந்த இடத்தைத்தான் சிகாகோவில் ஒரு மருத்துவர் பிடித்துக்கொண்டார். கேரி ஸ்லட்கின் தொற்றுநோய் மருத்துவர். ஆப்பிரிக்க நாடுகளில் காலராவோடும் எய்ட்ஸோடும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு ஊர் திரும்பியவர். துப்பாக்கிச் சாவு எங்கே, எப்போது நடக்கிறது என்ற வரைபடத்தைப் பார்த்தபோது அது காலரா வரைபடம் போலவே அவருக்குத் தெரிந்தது. ஒரு சாவு அடுத்ததைத் தொற்றவைக்கிறது. அப்படியென்றால் தொற்று நோய்க்குச் செய்வதையே இதற்கும் செய்யலாமே என்று 2000இல் சிகாகோவின் மேற்கு கார்ஃபீல்டு பார்க் பகுதியில் ஆரம்பித்தார். காலராக் காலத்தில் அந்தந்தக் குடியிருப்பு ஆட்களையே சுகாதார ஊழியராக வைப்பது போல, அந்தத் தெருவிலேயே ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கி, ஜெயிலுக்குப் போய், திருந்தி வந்தவர்களைச் சம்பளத்துக்கு எடுத்தார். ராத்திரி யார் யாரைத் தேடுகிறான் என்பது அவர்கள் காதுக்கு முதலில் வரும். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, விடியும் வரை பேசி, வெறி ஆறும் வரை அவனை விடாமல் வைத்திருப்பதுதான் வேலை. எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி பலிக்கவில்லை. ஆள் தேர்வு சரியாக இருந்து, பணமும் தொடர்ந்து வந்த இடங்களில் பலித்தது. பணம் நின்ற இடங்களில் வேலையும் நின்றது.

கிளாஸ்கோ கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் வரும், அங்கே துப்பாக்கி கிடையாது, கத்திதான். 2005இல் அங்கே போலீஸே ஒரு வன்முறைக் குறைப்புப் பிரிவை ஏற்படுத்தி, வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்கத் தொடங்கியது. 2008இல் கத்திக் கும்பல் பையன்களை நீதிமன்ற அறைக்கே வரவழைத்தார்கள். காயங்களைத் தைக்கிற மருத்துவர் பேசினார். மகனைப் பறிகொடுத்த தாய் பேசினார். கடைசியில், விட்டுவிட நினைக்கிறவன் இந்த எண்ணுக்குக் கூப்பிடு, படிப்போ வேலையோ ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலேயே ஆட்களை வைத்து, வெட்டுப்பட்டு வந்தவனிடமும் அவனோடு வந்தவர்களிடமும் பேசச் செய்தார்கள். பத்தாண்டில் ஸ்காட்லாந்தில் கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. வேறு காரணங்களும் அதில் சேர்ந்திருக்கும். ஆனாலும் பாளையங்கோட்டையில் இருக்கிற நம் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். மூன்று நான்கு மாவட்டத்து வெட்டுக்காயமும் அங்கேதான் வருகிறது. வெட்டுப்பட்டவன் வார்டுக்குள் இருக்க, வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிற அவனுடைய அண்ணன்மார் அடுத்த வெட்டை அந்த நேரத்தில்தான் பேசி முடிக்கிறார்கள். அந்த மரத்தடியில் இன்றைக்கு ஒரு போலீஸ்காரர் நிற்பார். அவர் நிற்க வேண்டியதுதான். ஆனால் அவர் இருக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட இன்னொருவரும் வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பையன்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டவைத்தால் திருந்திவிடுவார்கள் என்று அமெரிக்காவில் பல வருடம் செய்து பார்த்தார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படிக் கூட்டிப்போன பையன்கள்தான் மற்றவர்களைவிட அதிகம் குற்றம் செய்தார்கள் என்று தெரிந்தது. நம் பள்ளிகளில் போலீஸ் அதிகாரி வந்து "கேஸ் விழுந்தா வாழ்க்கையே போச்சு" என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேஸ் விழுவதையே பெருமையாக நினைக்கிற பையனுக்கு அந்தப் பேச்சு ஓர் அழைப்பிதழ்.

நம் அரசுகள் சும்மா இருந்துவிடவில்லை. 1990களின் நடுவில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாரக்கணக்கில் பஸ் ஓடாது. சிலை இருக்கிற முக்கிலெல்லாம் போலீஸ் வேன் நிற்கும். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் பட்டியல் சாதியினர் மேல் போலீஸ் நடத்திய தாக்குதலும், 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டியல் சாதி வீரரான சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதை ஒட்டிய கலவரமும் அந்தக் காலத்தவை. அந்த வருடமே மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. எங்கள் மாவட்டம் மறுபடி வெறும் திருநெல்வேலி ஆனது. சிலைகளுக்குக் கம்பிக் கூண்டு வந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் இருந்த பெயர் போனது, பஸ்ஸுக்குள் யார் எங்கே உட்காருவது என்பது மட்டும் மாறவில்லை.

கயிறு விஷயமும் அப்படித்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மணிக்கட்டில் சாதி ஏறியதும் தடை உத்தரவு வந்தது. 2019இல் பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது அப்படியே அமுங்கியது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், கயிறு பற்றிய தகராறில் அடிபட்ட பிளஸ் டூ மாணவன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை 600 பக்கத்தைத் தாண்டும். கயிறு, சாதி நிறச் சைக்கிள், பள்ளிப் பெயரில் உள்ள சாதி, ஒரே ஊரில் வேரூன்றிய ஆசிரியர்கள் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பேசிய அறிக்கை. பள்ளி நல அலுவலர் வேண்டும், எல்லாப் பிரிவு மாணவர்களும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை வேண்டும் என்று அதில் பரிந்துரைகள் உண்டு. ஆனால் வெளியே நடந்த சண்டையெல்லாம் நெற்றிப் பொட்டுக்குத் தடை சொன்ன ஒரு வரிமேலேயே நடந்து, மற்ற பக்கங்களை யாரும் புரட்டவிடவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

மாவட்ட அளவிலும் முயற்சிகள் நடந்தன. நெல்லை மாவட்ட நிர்வாகம் 'அன்பாடும் முன்றில்' என்று மாணவர்களைச் சேர்ந்து உட்கார்ந்து பேசவைத்தது. தூத்துக்குடிப் போலீஸ் 'மாற்றத்தைத் தேடி' என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, 14417, 1098 என்று உதவி எண்கள் இருக்கின்றன. எல்லாம் நல்ல எண்ணத்தில் வந்தவை. ஆனால் பெட்டியைத் திறப்பது வாத்தியார். எண்ணில் எடுப்பவர் வேறு ஊர்க்காரர். கூட்டம் ஒரு நாளில் முடிந்துவிடும். பையனின் தெருவில், அவன் கோபமாக இருக்கிற அந்த ராத்திரியில், அவனுக்குத் தெரிந்த முகமாக அங்கே யாரும் இல்லை.

அப்படியானால் ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாமா? இங்கேதான் அந்தச் சொல் தடுக்குகிறது. நம் பக்கம் பல கிராமங்களில் 'ஊர்' என்று ஒன்று கிடையாது, இரண்டோ மூன்றோ இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நாட்டாமை, தனி வரி, தனிக் கோயில், தனிக் கூட்டம். ஊர்க்கூட்டம் கூடிப் பையன்களைக் கண்டித்தது என்று சொன்னால், எந்த ஊர்க்கூட்டம் எந்தப் பையன்களை என்று கேட்க வேண்டும். கேஸ் செலவுக்கு வரி பிரிக்கிற ஊர்க்கூட்டமும் உண்டு. தகராறு முற்றியதும் தாலுகா அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் போடுவார்கள். தரப்புக்கு ஐந்து பேர் வந்து கையெழுத்துப் போடுவார்கள். பத்துப் பேரும் ஐம்பது தாண்டிய ஆண்கள். பையன்கள் போகிற அந்த டவுன் பஸ்ஸில் ஏறிப் பல வருடம் ஆகியிருக்கும் அவர்களுக்கு.

இன்னும் மோசமானது வெட்டு நடந்த பிறகு வருகிற சமாதானம். "படிக்கிற பயலுவ, கேஸ வாபஸ் வாங்கிருங்க, ஊர்ல ஒத்துமையா இருப்போம்" என்று பாதிக்கப்பட்ட வீட்டுக்கு ஆள் போகும். இதற்கும் சமூகம் வழித் தடுப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருப்பதே இப்படிப்பட்ட ஒற்றுமையிலிருந்து ஒரு வீட்டைக் காப்பாற்றத்தான். என் மனதில் இதற்கு ஒரு கோடு தெளிவாக இருக்கிறது. அரிவாளைத் தூக்குவதற்கு முன்னால் வரை தெருக்காரர்கள் வேலை. தூக்கிய பிறகு சட்டத்தின் வேலை. முன்னதைச் செய்கிறவர் பின்னதில் வாய் வைக்கக் கூடாது. சிகாகோ முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடம் ஒன்றும் உண்டு. அங்கே தடுப்பவர் தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்வார். இங்கே வெட்டு விழக்கூடும் என்று தெரிந்ததும், யார்மேல் விழுமோ அந்த வீட்டுக்கு முதலில் தெரிய வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் மறுபக்கத்தில் பேசிக்கொண்டிருப்பது அவர்கள் உயிரை வைத்துச் செய்கிற பரீட்சை.

அந்தத் தெருக்காரர் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு என் பதில் கொஞ்சம் கசப்பானது. கோபத்தில் இருக்கிற பையனின் சொந்தத் தெருக்காரராகத்தான் இருக்க வேண்டும். மேலத் தெருப் பையனைத் தடுக்கிற பொறுப்பைக் கீழத் தெருவுக்கும் சேர்த்துப் பங்கு போடக் கூடாது. பொதுவில் அவனுக்குப் பெரியப்பாவோ மாமாவோ ஆகிறவர், அவன் கையை எட்டிப் பிடித்தால் உதறமாட்டான் என்கிற உரிமை உள்ளவர், அவரே வேண்டும். பழைய கேஸ் ஒன்றில் வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்து நிலத்தை விற்றவர் பல ஊர்களில் இருக்கிறார். அவர் ஒரு டீயை வாங்கிக் கொடுத்து, "ஏல, ஒன்ன மாதிரிதாம்ல நானும் போனேன். என்னைய ஏத்திவிட்டவன் ஒருத்தன் கூடக் கோர்ட்டு வாசல் வரைக்கும் வரல. வாய்தாவுக்குப் பஸ் காசு எங்க அம்மைதான் தந்தா" என்று சொன்னால் பையன் காதில் விழும். வேறு எவர் சொன்னாலும் விழாது.

பெண்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், பாப்பாக்குடிப் பக்கமெல்லாம் பெண்கள் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் தெருவில் போகிற வருகிற எதுவும் தப்பாது. சுற்றியதைக் கொடுத்து இலையும் தூளும் வாங்கப் பீடிக்கடைக்கு வரும்போது, பல தெருப் பெண்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எந்தப் பையன் எந்தப் பொண்ணைப் பார்க்கிறான், யார் வீட்டில் நேற்று ராத்திரி பைக் வந்து நின்றது என்பதெல்லாம் அந்த வரிசையில் போலீஸுக்கு முன்னால் வந்துவிடும். அமைதிக் கூட்டத்தில் இவர்களில் ஒருவருக்குக் கூட நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முன்னாள் மாணவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசுகிற அந்தக் குழு, இந்த மாதம் பஸ்ஸில் என்ன நடந்தது என்று ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். பல தெருத் தாய்மார்கள் சட்டப்படியே ஓர் அறையில் உட்காருகிற இடம் கிராமத்தில் வேறு எங்கே இருக்கிறது?

ஆளுக்கும் காசுக்கும் முன்மாதிரி தேடி சிகாகோ வரை போக வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தெருவுக்கு ஒரு தன்னார்வலர் மாதம் 1,000 ரூபாய்க்குச் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார். பெரும்பாலும் அதே தெருவில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற அக்காமார். அவர்களிடம் பிள்ளைகள் பாடத்தை மட்டுமா பேசினார்கள்? அதற்கும் முன்னால், தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் இதே மாவட்டத்தில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஊர் ஊராக ஆட்களைத் திரட்டியது. கலவரம் நடந்த அதே வருடங்களில்தான் அதுவும் நடந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

சேர்ந்து உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால், 1920களில், வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்துதான் படித்தார்கள். சாப்பாட்டில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதில் அந்தப் பள்ளிக்கூடமே ஆட்டம் கண்டது. பெரியாரின் அரசியலில் அது ஒரு திருப்பமாகவே அமைந்தது. படிப்பைச் சேர்த்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிரித்தால் பிள்ளைகள் எதை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்பதை அந்தச் சேரன்மாதேவி அன்றைக்கே காட்டிவிட்டது.

கபடியும் அப்படித்தான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது வாங்கிய கணேசன், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மணத்தி கிராமத்துக்காரர். அந்த மண்ணில் கபடி ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் தெருவுக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு நிற பனியன், பனியனில் ஒரு தலைவர் படம் என்று போட்டி வைத்தால், அது விசில் அடித்து நடத்துகிற சாதிச் சண்டை. ஊர்ப் பெயரில் ஒரே அணி, அதில் எல்லாத் தெருப் பையன்களும் என்று விதி வைக்கிற போட்டிக்கு மட்டும் பரிசுப் பணம் தந்தால் நிலைமை வேறு. பிடித்தவனை இழுக்க இன்னொருவன் கை வேண்டும் என்கிற ஆட்டம் அது. தன்னோடு சங்கிலி போட்டு நின்றவனைப் பஸ்ஸில் "எந்திரில" என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

சிகாகோவிலேயே பையன்களுக்கு நடத்துகிற 'பிகமிங் எ மேன்' என்ற வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து மூடிக்கொள்ளச் சொல்வார்கள். அதை அரை நிமிடத்தில் வாங்கு என்பார்கள் மற்றவனிடம். அவன் விரலைப் பிரிப்பான், கையை முறுக்குவான். கடைசியில், "அவனிடம் கேட்டுப் பார்த்தாயா?" என்று கேட்பார்கள். கேட்டால் கொடுத்திருப்பேனே என்பான் பந்தை வைத்திருந்தவன். அந்த வகுப்பு நடந்த காலத்தில் வன்முறைக்காகக் கைதாவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று ஆய்வில் தெரிந்தது. வகுப்பு நின்ற பிறகு அந்தப் பலன் தேய்ந்தது. இது ஒரு தடவை போடுகிற ஊசி கிடையாது. கொடைக்கு வரி பிரிப்பது போல ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டியது.

கடைசியாக ஒன்று, யாரும் பேசாதது. வெட்டிய பையன் திரும்பி வருவது. பதினெட்டுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம், பிறகு ஜாமீன். பதினாறு தாண்டியிருந்து குற்றமும் கொடியதாக இருந்தால் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு பெரியவர்களுக்குப் போல நடக்கவும் வாய்ப்பு உண்டு. எப்படியானாலும் ஒரு நாள் அவன் ஊருக்கு வருவான். பள்ளிக்கூடம் அவனைச் சேர்க்கத் தயங்கும். வெட்டுப்பட்டவனின் வீட்டார் அவன் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும், அவர்களுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும், அவர்கள் சம்மதமும் வேண்டும். இவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான். பாளையங்கோட்டையில் கூர்நோக்கு இல்லத்துக் கதவு திறக்கிற நாளில் அவர்கள் நான்கைந்து பைக்கில் வந்து நிற்பார்கள். மாலையும் இருக்கும். போட்டோ எடுத்து அங்கேயே ஸ்டேட்டஸ் ஏற்றிவிடுவார்கள். அவனுடைய அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, கதவருகே வருவதற்குள் பைக்குகள் கிளம்பியிருக்கும்.

அந்தப் பைக்குகளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேருகிற ஆள் யார் என்பதை ஒவ்வொரு ஊரும் இன்றைக்கே முடிவு செய்யலாம். பி.டி. வாத்தியார் ஒருவர், தெருவில் அவனுக்குப் பெரியப்பா ஆகிறவர் ஒருவர், முதல் நாளே அவனுடைய அம்மாவைக் கூட்டிவந்து பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்த பீடிக்கடைத் தோழி ஒருவர். கையில் ஐ.டி.ஐ. விண்ணப்பம் ஒன்று. காலை எட்டு மணிக்கெல்லாம் கதவருகே நிற்க வேண்டும்.